வாலிபர் மனத்துயரும் புதுக்கோட்டை காட்டிய வழியும்

ஒரு தேசத்தின் மூலதனம் யாது என்று கேட்டால், பொக்கிஷத்திலுள்ள பொன் என்பார் சிலர்; நிலத்தடியிலுள்ள கனிப்பொருள் என்பார் வேறு சிலர். தெளிந்த புத்தியும் தளராத ஊக்கமும் கொண்ட வாலிபர் கூட்டமே அந்த மூலதனம் என்பது நமது அபிப்பிராயம். அதனைக் கறையான்போல் உள்ளிருந்து அரிக்கும் ஒரு துன்பத்தைப் பற்றி இன்று எழுத முன்வந்தோம். காய்ச்சல் கண்டால் உடம்பு சுடுகிறது; கால் முறிந்தால் கண்ணுக்குத் தெரிகிறது; வீடே திரண்டு வந்து பணிவிடை செய்கிறது. மனம் முறிந்தாலோ வெளியே தெரிவதில்லை. தெரிந்தாலும் வீட்டார் அதை மறைத்துவிடுகின்றனர். பையனுக்குப் பெண் கிடைக்காது, பெண்ணுக்கு வரன் அமையாது என்ற அச்சம் வைத்தியரின் வாசலுக்குப் போகும் வழியை அடைத்து நிற்கிறது.

இத்துன்பத்தைத் தீர்க்கக் கைபேசியும் காணொலியும் உதவும் என்று இந்நாளில் எங்கும் பேச்சாயிருக்கிறது. நேயர்களில் பலர் இதைக் கேட்டு நகைக்கக்கூடும். வாலிபரின் தூக்கத்தையும் படிப்பையும் கெடுத்தது அந்தக் கருவிதானே, திருடன் கையிலேயே சாவியைக் கொடுப்பதா என்று அவர்கள் கேட்டால், அக்கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால், இதற்கு ஊகத்தால் விடை சொல்ல வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. நமது புதுக்கோட்டை ஜில்லாவின் கிராமங்களிலேயே இந்தப் பரீட்சை நடந்திருக்கிறது. அதன் விவரத்தை நேயர்கள்முன் வைத்து, அதனால் நாம் கற்க வேண்டியது யாது என்று ஆராய்வோம்.

துன்பத்தின் அளவு

மனநோய்களில் பாதி, 18 வயதுக்குள்ளாகவே தலைகாட்டிவிடுகின்றன என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. 2015-16-இல் பெங்களூர் நிம்ஹான்ஸ் ஸ்தாபனம் நடத்திய தேசிய மனநல ஆய்வில், 13 முதல் 17 வயது வரையுள்ளோரில் 100-க்கு 7.3 பேர் ஏதேனும் ஒரு மனநலக் குறையுடையவராகக் காணப்பட்டனர். அஃதாவது, 40 மாணவர் அமர்ந்திருக்கும் ஒரு வகுப்பில் ஏறக்குறைய மூன்று பேர் யாரிடமும் சொல்லாத பாரத்தைச் சுமந்துகொண்டு பாடம் கேட்கின்றனர். 2022-ஆம் வருஷத்தில் மட்டும் நமது தேசத்தில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்ட மாணவர் 13,044 பேர் என்பது சர்க்காரின் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிட்ட கணக்கு. இதை ஒரு முறை வாசித்துவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுதல் தகாது. ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னும் ஒரு தாய் இருக்கிறாள்.

வைத்தியர் உண்டா என்று கேட்போம். லட்சம் ஜனங்களுக்கு ஒரு மனநல வைத்தியர்கூட இந்நாட்டில் இல்லை, 0.75 என்று கணக்கிட்டிருக்கின்றனர். 2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி புதுக்கோட்டை ஜில்லாவில் 16 லட்சத்துக்கு மேற்பட்டோர் வசிக்கின்றனர். தேசமெங்கும் சமமாகப் பங்கிட்டால் இந்த ஜில்லாவுக்குப் பன்னிரண்டு வைத்தியர் வருவர். வைத்தியர்களோ சமமாகப் பங்கிடப்பட்டவர்களல்லர், பெருநகரங்களில் குழுமியிருப்பவர்கள். மணமேல்குடிக் கடற்கரையில் வலை இழுப்பவரின் மகனும், ஆதனக்கோட்டை முந்திரிக் காட்டில் கொட்டை பொறுக்குபவரின் மகளும் அவர்களைத் தேடிப் போவதென்றால், நோயாளியின் கூலியும் உடன் போகும் தாயின் கூலியும் அன்றைக்கு இல்லை. பஸ் செலவு வேறு. ஒரு முறை போவார்கள். மூன்றாவது முறை போகமாட்டார்கள். மனநோய்க்கு மருந்தோ மாதக்கணக்கில் வேண்டும்.

கிராமத்துக்கு வந்த வண்டி

இந்தத் தூரத்தைக் கடக்க ஒரு முயற்சி 2010-இல் தொடங்கிற்று. சென்னையில் 1984-இல் டாக்டர் சாரதா மேனன் அம்மையார் தோற்றுவித்த, 'ஸ்கார்ப்' என்று சுருங்க வழங்கும் மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி ஸ்தாபனம், டாட்டா அறநிதியின் பொருளுதவி பெற்று, புதுக்கோட்டை ஜில்லாவுக்கென்றே ஒரு பஸ்ஸைக் கட்டுவித்தது. அதன் உள்ளே ஒரு பகுதி ஆலோசனை அறை. மற்றொரு பகுதி மருந்துச் சாலை. வண்டி கிராமத்துக்கு வந்து நிற்கும். நோயாளியும் வீட்டாரும் ஏறி அமர்வர். எதிரே உள்ள திரையில், சுமார் 400 கிலோமீட்டருக்கு அப்பால் சென்னையில் இருக்கும் மனநல வைத்தியர் முகம் தோன்றும். அவர் தமிழில் கேட்பார். இவர்கள் தமிழில் சொல்வார்கள். வைத்தியர் எழுதும் மருந்தை அந்த வண்டியிலேயே இலவசமாகப் பெற்றுக்கொண்டு இறங்குவர். மனநோயைப் பற்றிய படங்களையும் அவ்வண்டியின் மூலம் ஊராருக்குக் காட்டினர்.

அவ்வண்டி வாலிபருக்கென்று மட்டும் ஏற்பட்டதன்று. கடுமையான மனநோயால் வருந்துவோர் அனைவருக்குமாக வந்தது. எனினும் மனச்சிதைவு போன்ற கடும் நோய்கள் பெரும்பாலும் பதினெட்டு, இருபது, இருபத்தைந்து என்ற வயதுகளிலேயே தொடங்குகின்றன. படிப்பு முடியும் காலம், வேலை தேடும் காலம், கலியாணம் பேசும் காலம் எதுவோ, அதுவே இந்நோய் வாசலில் வந்து நிற்கும் காலமும் ஆகும். முதல் வருஷத்திலேயே சிகிச்சை கிடைத்தால் பலர் தேறி வேலைக்குத் திரும்பலாம். பத்து வருஷம் கொல்லைப்புறத்து அறையில் பூட்டி வைத்தபின் வைத்தியரைக் கூப்பிட்டால் அவர் செய்யக்கூடியது குறைவு. ஆகவே அந்த வண்டியின் கதை வாலிபர் கதையுமாகும்.

அம்முயற்சியில் நேயர்கள் கவனிக்க வேண்டிய விசேஷம் ஒன்றுண்டு. திரையும் காமிராவும் தாமாக ஒரு நோயாளியையும் அழைத்து வந்துவிடவில்லை. அந்தந்தக் கிராமப் பகுதிகளிலிருந்தே ஆட்களைத் தேர்ந்து, நோயின் குறிகளை அறியப் பயிற்சி கொடுத்தனர். அவர்கள் வீடு வீடாகச் சென்றனர். நோயாளி எந்த வீட்டில் இருக்கிறார் என்று கண்டவர்களும், வீட்டாரிடம் பேசி அச்சத்தைப் போக்கியவர்களும், வண்டிக்கு அழைத்து வந்தவர்களும் அவர்களே. தூரத்தை யந்திரம் கடந்தது. தயக்கத்தை மனிதர் கடந்தனர். இவ்விரண்டில் ஒன்று இல்லையென்றாலும் அந்தப் பஸ் வெறும் பஸ்ஸாகத் தெருமுனையில் நின்றுவிட்டுத் திரும்பியிருக்கும். புதுக்கோட்டை கற்பித்த பாடம் இதுவே.

தொலைபேசியின் பணி

பஸ் வந்த நாளிலிருந்து இந்நாள்வரை யந்திரம் வெகு தூரம் முன்னேறிவிட்டது. அன்று வண்டி நிறையக் கொண்டு வந்த கருவியை இன்று ஒரு வாலிபன் சட்டைப்பையில் வைத்திருக்கிறான். சர்க்காரும் அதைப் பயன்படுத்த முற்பட்டிருக்கிறது. 2021 செப்டம்பரில், நீட் நுழைவுத் தேர்வையொட்டி மாணவர் சிலர் உயிர் நீத்த செய்தி தமிழகத்தைக் கலக்கியபோது, 104 என்ற சுகாதாரத் தொலைபேசி நிலையத்தின் வாயிலாக, தேர்வெழுதிய 1 லட்சத்துக்கு மேற்பட்ட மாணவர்களை மனநல ஆலோசகர்கள் தாமே கூப்பிட்டுப் பேச ஏற்பாடு செய்யப்பட்டது. இது மெச்சத்தக்க காரியம். துன்பத்தில் மூழ்கியவன் கரையேறி வந்து உதவி கேட்பான் என்று காத்திராமல், கரையிலிருப்பவன் நீரில் கை நீட்டியது போன்றது அது.

2022 அக்டோபரில் 14416 என்ற எண்ணுடன் 'டெலி மானஸ்' என்னும் சேவை தேசமெங்கும் தொடங்கிற்று. தமிழ்நாட்டில் அதற்கு 'நட்புடன் உங்களோடு' என்று அழகாகப் பெயரிட்டனர். இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் கேட்பார்; தேவையானால் மனநல வைத்தியரிடம் சேர்ப்பிப்பார். 2024 அக்டோபர் 10-ஆம் தேதி, உலக மனநல தினத்தன்று, இதற்கென ஒரு செயலியும் வெளிவந்தது. 2025-க்குள் நாடு முழுவதுமிருந்து வந்த அழைப்புகள் 20 லட்சத்தைத் தாண்டின. நள்ளிரவில் தூக்கம் வராமல் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு மாணவனுக்கு, அந்நேரத்தில் விழித்திருந்து கேட்க ஒரு குரல் இருக்கிறது என்பது சிறிய விஷயமன்று.

ஆயினும் அந்த எண்ணைப் பையன் எங்கிருந்து அழைப்பான்? இரண்டு அறை வீட்டில் தந்தை, தாய், பாட்டி, தம்பி ஆகியோர் நடுவிலிருந்தா? பெண்ணாயின், அவள் கையில் தனிக் கைபேசி உண்டா? அண்ணனின் கைபேசியை வாங்கி அழைத்தால், யாருடன் பேசினாய் என்று கேளாமல் விடுவார்களா? இந்த ஜில்லாவில் எத்தனையோ குடும்பங்களின் தலைவர்கள் சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் உழைக்கின்றனர். அவர்கள் வாரந்தோறும் காணொலியில் மகன் முகத்தைப் பார்க்கின்றனர். 'சௌக்கியமாக இருக்கிறேன்' என்று சொல்லி மகன் வைத்துவிடுகிறான். முகம் தெரிகிறது, மனம் தெரியவில்லை. கருவி இருப்பதாலேயே பேச்சு பிறந்துவிடாது என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா?

கோவாவில் கண்டது

வேறிடத்து அனுபவமும் இதையே உறுதிப்படுத்துகிறது. கோவாவில் 'சங்காத்' என்னும் தொண்டு ஸ்தாபனத்தார், பள்ளி மாணவருக்கென்று கைபேசியில் ஒரு விளையாட்டைச் சமைத்தனர். கஷ்டம் யாது என்று முதலில் தெளிவாகப் பெயரிட்டுச் சொல்லுதல், அதற்குள்ள வழிகளை எண்ணிப் பார்த்தல், ஒன்றைத் தேர்ந்து செய்து பார்த்தல் என்ற மூன்று படிகளை அது கதைகளின் மூலம் பழக்குகிறது. உபதேசம் கேட்க விரும்பாத பிள்ளைகளும் விளையாட்டை விரும்புவர் அன்றோ? இதைப் பயின்ற மாணவர்கள், தம்மை வருத்திய பிரச்னையின் கடுமை குறைந்ததாகத் தெரிவித்தனர். ஆனால் அந்த விளையாட்டை மாணவர் கையில் கொடுத்துவிட்டு ஸ்தாபனத்தார் வீட்டுக்குப் போய்விடவில்லை. மனநல வைத்தியரல்லாத, ஆயினும் தக்க பயிற்சி பெற்ற ஓர் ஆலோசகர் பக்கத்திலிருந்து துணை செய்தார். அங்கேயும் கருவிக்குப் பக்கத்தில் ஒரு மனிதர்.

இப்போது புதிதாக ஒன்று வந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவு யந்திரத்திடம் வாலிபர் தம் அந்தரங்கத்தைச் சொல்லத் தொடங்கியிருக்கின்றனர். அது கோபிப்பதில்லை, களைப்பதில்லை, ஊரில் சொல்லிவிடும் என்ற பயமும் அவர்களுக்கு இல்லை. இந்த மயக்கம் இன்று தோன்றியதன்று. 1966-இல் அமெரிக்காவில் மஸாசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் ஜோஸப் வைஸன்பாம் என்பார் 'எலைஸா' என்றொரு பேசும் நிரலை அமைத்தார். எதிரே இருப்பவர் சொன்னதையே திருப்பிக் கேள்வியாகக் கேட்பதுதான் அதன் வித்தை. அது எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிந்த அவருடைய காரியதரிசியே, அதனுடன் தனியே பேச வேண்டும், நீங்கள் சற்று வெளியே செல்லுங்கள் என்று அவரைக் கேட்டாராம். பேராசிரியர் திடுக்கிட்டார், பின்னர் யந்திரங்களின்மீது மனிதர் வைக்கும் குருட்டு நம்பிக்கையைக் கண்டிப்பவராகவே ஆனார். இந்நாளைய யந்திரங்கள் எலைஸாவைவிடப் பன்மடங்கு வல்லமை பெற்றவை. எழுத உதவும், விளக்கம் சொல்லும், ஒரு வேளை உரிய இடத்துக்குப் போ என்று வழியும் காட்டும். ஆனால் பேசுகிறவன் சோறு உண்டானா, கண் சிவந்திருக்கிறதா, நேற்றுப் பள்ளிக்கு வந்தானா என்பதை அது அறியாது. விபரீத எண்ணத்தோடு எழுந்து போகிறவனைப் பின்தொடர்ந்து கையைப் பிடிக்க அதற்குக் கையும் இல்லை. அதனிடம் பேச்சைத் தொடங்குவதை நாம் குற்றம் சொல்லவில்லை. அதனோடு பேச்சு முடிந்துவிடுவதையே அபாயம் என்கிறோம்.

சட்டம் சொல்வது

2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் அமலில் இருக்கிறது. மனநலச் சிகிச்சை பெறுவது ஒவ்வொருவருக்கும் உரிமை என்று அதன் 18-ஆம் பிரிவு கூறுகிறது. நோயாளியின் விவரத்தை ரகசியமாகக் காக்க வேண்டுமென்று 23-ஆம் பிரிவு விதிக்கிறது. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர் கடும் மன நெருக்கடியில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டித்தல் கூடாது என்று 115-ஆம் பிரிவு சொல்கிறது. போலீஸ் ஸ்டேஷனுக்குப் பயந்து பிள்ளையின் நிலைமையை மறைக்கும் பெற்றோர் இந்தக் கடைசிப் பிரிவையேனும் அறிய வேண்டும்.

2023-ஆம் வருஷத்து டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இங்கே கவனிக்கத் தக்கது. சில விலக்குகளுக்கு இடம் வைத்து, 18 வயது நிரம்பாதவரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டுமென்றும், அவர்களுடைய நடத்தையை ஒற்றுப் பார்ப்பதும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் கூடாவென்றும் அது விதிக்கிறது. இது நல்ல விதி. ஒரு சிறுவனின் கண்ணீரைப் பண்டமாக்கி விற்கும் வியாபாரத்தை எந்த நாகரிக சமூகமும் பொறுக்கலாகாது. ஆனால் வீட்டிலேயே துன்பம் அனுபவிக்கும் சிறுமி, உதவி கேட்பதற்கு அவ்வீட்டாரின் சம்மதத்தையே பெற வேண்டியிருந்தால் அவள் கதி யாது? லாபத்துக்காக விவரம் திரட்டும் கம்பெனியையும், உயிர் காக்கும் பொதுச் சேவையையும் ஒரே தராசில் நிறுத்தாமல் விலக்குகளை அமைத்து நடத்த வேண்டியது அதிகாரிகளின் கடமை.

கண்மாயும் மதகும்

இனி, தொடக்கத்தில் எழுந்த ஆட்சேபணைக்கு வருவோம். கைபேசியே நோய்க்குக் காரணமாயிற்றே என்பார்க்கு, புதுக்கோட்டைச் சீமையின் கண்மாய்களையே சாட்சியாகக் காட்டுவோம். கரையுடைத்த நீர் பயிரை அழிக்கிறது; மதகு வழியே வந்த அதே நீர் பயிரை வளர்க்கிறது. நீரைக் குற்றம் சொல்லிக் கண்மாயைத் தூர்த்தவன் எவனுமில்லை. மதகைத் திறக்கவும் அடைக்கவும் ஊரார் ஓர் ஆளை ஏற்படுத்தினார்கள். 2011 முதல் நமது சர்க்கார் மாணவருக்கு மடிக்கணினிகளை வழங்கியது. அதற்கும் மேலாகக் கைபேசிகளைக் கடைத்தெரு வழங்கிற்று. நீர் வந்துவிட்டது, மதகுக்கு ஆள் வைக்க மறந்தோம். தப்பு அங்கே இருக்கிறது.

ஆள் வைக்க முடியுமா, இவ்வளவு பேரை எங்கே தேடுவது என்று மலைக்க வேண்டாம். இதே ஜில்லாவில் 1991-இல் அறிவொளி இயக்கம் எழுந்தபோது, எழுத்தறிவிக்கும் ஆசிரியர்கள் அயல் தேசத்திலிருந்து இறக்குமதியாகவில்லை. ஊருக்கு ஊர் தொண்டர்கள் சம்பளமின்றி முன்வந்தார்கள். ஜில்லா கலெக்டராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மையார் ஊக்கமளிக்க, ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். கல்லுடைக்கும் பெண்கள் கேலியைப் பொருட்படுத்தாமல் சாலையில் ஓட்டிச் சென்றதை உலகம் வியந்து பார்த்தது. சைக்கிள் என்பது அன்று பெண்கள் விஷயத்தில் ஒரு புதிய யந்திரம். அதைக் கடையில் வாங்கி வைத்ததால் விடுதலை வந்துவிடவில்லை. பக்கத்தில் ஓடிவந்து பிடித்துக்கொண்ட ஒரு கை இருந்ததால் வந்தது. அந்தக் கைகள் இன்னும் புதுக்கோட்டையில் இருக்கின்றன.

செய்ய வேண்டியவை

ஆதலின் நாம் நான்கு காரியங்களை வற்புறுத்துகிறோம். முதலாவது, ஜில்லாவின் ஒவ்வோர் உயர்நிலைப் பள்ளியிலும் கதவு சாத்தக்கூடிய ஒரு சிறு அறையும் அதில் ஒரு தொலைபேசியும் வேண்டும். மாணவனோ மாணவியோ உள்ளே சென்று 14416-க்குப் பேசலாம். ஏன் பேசினாய் என்று எந்த ஆசிரியரும் கேட்கலாகாது. இதற்கு ஆகும் செலவு ஓர் ஆண்டு விழாவின் பந்தல் செலவைவிடக் குறைவு. இரண்டாவது, ஒவ்வொரு பஞ்சாயத்திலும் ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும், பிறர் துயரைக் குறுக்கிடாமல் கேட்கவும், அபாயக் குறியை அறியவும் பயிற்சி அளிக்க வேண்டும். உபதேசம் செய்ய நம் நாட்டில் ஆளுக்குப் பஞ்சமில்லை, கேட்பவருக்கே பஞ்சம். மூன்றாவது, தொலைபேசியில் பேசியவர் வைத்தியரை நேரில் காண வேண்டியிருந்தால், அவரைப் புதுக்கோட்டை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் சேர்ப்பித்து, மறுமாதம் மருந்துக்கு வந்தாரா என்று விசாரிக்கும் பொறுப்பு குறிப்பிட்ட ஒருவரிடம் இருக்க வேண்டும். எல்லாருடைய பொறுப்பும் என்றால் ஒருவருடைய பொறுப்புமன்று.

நான்காவது காரியம் சர்க்காரால் ஆகக்கூடியதன்று. இதைப் படிக்கும் அரசியல் தொண்டர்களால் ஆகக்கூடியது. உங்கள் மேடைகளில் எதிரியை இகழ்வதற்குப் 'பைத்தியம்' என்ற சொல்லைப் பயன்படுத்துகிறீர்கள். கூட்டத்தில் ஆயிரம் பேர் கைதட்டலாம். அக்கூட்டத்தின் ஓரத்தில் நிற்கும் ஒரு வாலிபன் அன்றைக்குச் சொல்ல எண்ணியிருந்த சொல்லை விழுங்கிவிடுகிறான். அச்சொல்லை விட்டொழியுங்கள். உங்கள் வாசகசாலைச் சுவரில், தலைவர் படத்தின் பக்கத்திலேயே அந்த ஐந்து இலக்கங்களையும் எழுதி வையுங்கள். பரீட்சை முடிவு வெளியாகும் நாளில் கொடி கட்டும் வேலையை ஒரு நாள் நிறுத்தி, தோற்ற பிள்ளைகளின் வீட்டுக்குப் போங்கள். உடனே மறுபரீட்சை எழுத வழியுண்டு, ஒரு வருஷம் போய்விடவில்லை என்று சொல்லுங்கள். வாக்குக் கேட்க எந்த வீட்டுக்கும் கூச்சமின்றிப் போகத் தெரிந்த உங்களுக்கு இந்த வீட்டுக்குப் போவதா கஷ்டம்?

விஞ்ஞானம் தன் பங்கைச் செய்துவிட்டது. சென்னையிலிருக்கும் வைத்தியரைப் புதுக்கோட்டையின் கடைக்கோடிக் கிராமத்துக்குக் கொண்டுவந்து நிறுத்திக் காட்டிவிட்டது. ஊரின் கடைசி வீட்டுக் கதவை யந்திரம் தட்டாது. அதை நாம்தான் தட்ட வேண்டும். நாளைக்கு என்று தள்ளிப் போடாமல் இன்றே தட்ட வேண்டும்.